சும்மா எரிந்த அடுப்பு

காய்ந்த புதினாவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, கொதிக்கிற பீன்ஸ் சாற்றின் மேல் தூவும்போது எழுகிற வாசனை, பல்கேரியர்களை எந்த நாட்டில் இருந்தாலும் ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். பச்சைப் புதினாவின் துள்ளல் அதில் கிடையாது. வைக்கோல் வாடையும் இலேசான இனிப்பும் கலந்த கனத்த மணம் அது. அவர்கள் ‘ஜொஜென்’ என்று சொல்கிற அந்த இலையும் நம் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிற புதினாவும் ஒரே இனம்தான். அது விழாத பொப் சோர்பாவை, அதாவது உலர் பீன்ஸ் சூப்பை, அங்கே யாரும் பொப் சோர்பாவாக மதிப்பதில்லை. கொஞ்சம் வயதான பல்கேரியர்கள் இந்தச் சூப்பை நினைவுகூரும்போது அளவும் பக்குவமும் அதிகம் வருவதில்லை. விறகடுப்பின் ஓரத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த மண்பானை வரும், தாழ்வாரத்தில் சரம் சரமாகத் தொங்கிய சிவப்புக் குடைமிளகாய் வரும், பனி அப்பிய சன்னல் வரும், கடைசியில் பாட்டியின் கைப்பக்குவம் வரும். இந்த நினைவுகளைக் கேட்கக் கேட்க எனக்கு ஒரு சந்தேகம் வலுத்திருக்கிறது. பாட்டியின் கைக்குக் கொடுக்கிற பெருமையில் பாதியையாவது அந்த அடுப்புக்குக் கொடுக்க வேண்டும். அந்த அடுப்பை யாரும் சூப்புக்காக மூட்டவில்லை. வீடு குளிராமல் இருக்க அது எரிந்தது. சூப்பு அதில் ஓசியில் வெந்தது.

இது ஆதிகாலத்து உணவு, ஸ்லாவியர்கள் பால்கனில் காலடி வைத்த நாளிலிருந்து இப்படியே வருகிறது என்று யாராவது பெருமை பேசினால் நம்ப வேண்டாம். பானைக்குள் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துப் பாருங்கள். உலர் பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துச் செடி. நாம் ராஜ்மா என்று வாங்குவதும் அதே இனத்தின் இன்னொரு நிறம். தக்காளி அங்கிருந்து வந்தது. குடைமிளகாயும் அதை அரைத்த சிவப்புத் தூளும் அங்கிருந்தே வந்தன. ஊற்றுகிற எண்ணெய்க்குரிய சூரியகாந்திகூட வட அமெரிக்காவில் பிறந்ததுதான். 1492-இல் கொலம்பஸ் கடல் தாண்டுவதற்கு முன் இவற்றில் ஒன்றுகூட பால்கன் மண்ணில் முளைத்ததில்லை. வெங்காயம், கேரட், புதினா, உப்பு ஆகியவைதாம் மிச்சம். அதற்கு முன்னால் அந்தப் பானையில் வெந்தவை பழைய உலகத்து ஃபாவா மொச்சையும் மசூர் வகைப் பருப்பும். ஒட்டோமான் ஆட்சிக் காலத்தில் வந்து சேர்ந்த புதுப் பயறு மொச்சையின் இடத்தில் உட்கார்ந்து, போகிற போக்கில் அதன் பெயரையும் வாங்கிக்கொண்டது. உள்ளே இருக்கிற சரக்கு பாதிக்கு மேல் மாறிய பிறகும் ‘பாட்டி காலத்துச் சூப்பு’ என்கிற உணர்வு மாறவில்லை என்றால், அந்த உணர்வு சரக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்றுதானே பொருள்? மொச்சைக்கும் பீன்ஸுக்கும் பொதுவாக இருந்தவை பானையும் நெருப்பும் மட்டுமே.

அந்த நெருப்பின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். உலர்ந்த பீன்ஸ் இரவு முழுக்க ஊறினாலும், திறந்த பானையில் பதமாக வேக இரண்டு மணி நேரம் ஆகும். பழைய சரக்காக இருந்தால் மூன்று. இவ்வளவு நேரத்துக்கும் தனியாக விறகு போட்டு எரித்தால், பயற்றின் விலையைவிட விறகின் விலை கூடிவிடும். ஏழைகளின் உணவு என்று இதற்குப் பெயர் வந்ததற்குக் காரணம், அந்த விறகுச் செலவு வேறு கணக்கில் எழுதப்பட்டதுதான். பல்கேரியக் கிராமத்து வீட்டில் குளிர்காலம் முழுக்கக் காலையில் மூட்டிய அடுப்பு இரவு படுக்கும்வரை அணையாது. குழந்தைகளின் ஈரக் காலுறை காய்வதும், குளிக்க வெந்நீர் காய்வதும், ரொட்டி சுடுவதும் அதில்தான். அடுப்புத் தகட்டின் நடுவில் சூடு அதிகம், ஓரத்தில் குறைவு. அந்த ஓரத்தில் பானையைத் தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்காரி வேறு வேலைக்குப் போய்விடுவாள். யாரும் கிளற வேண்டாம், யாரும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அதே வீட்டில் கோடைக்காலத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று பாருங்கள். தயிரில் வெள்ளரிக்காயும் பூண்டும் சோம்புத் தழையைப் போலத் தோன்றும் சதகுப்பைத் தழையும் வால்நட்டும் போட்ட தராத்தோர் என்னும் குளிர்ந்த சூப்புக்கு நெருப்பே வேண்டாம். பச்சை பீன்ஸ் சமைத்தால் அரை மணியில் வெந்துவிடும். உலர் பீன்ஸ் குளிர் வரும்வரை கோணியில் காத்திருக்கும். இந்தப் பருவ ஒழுங்கை நாக்கு மட்டும் வகுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. விறகு அடுக்கி வைத்த கொட்டகைக்கும் அதில் பங்கு உண்டு.

இந்தச் சூப்புக்குப் பேர்போன இடங்கள் வீட்டுக்கு வெளியே மூன்று: மடாலயம், ராணுவ முகாம், மலைக்குடில். மூன்றிலும் சாப்பிடுகிறவர்கள் வேறு வேறு, சாப்பிடுகிற காரணமும் வேறு. ஒத்துப்போவது என்னவென்றால், மூன்றிலும் ஒரு பெரிய நெருப்பு எப்படியும் எரிந்துகொண்டிருக்கும் என்பதுதான். ரிலா மடாலயத்தின் சமையற்கூடம் 1816-இல் எழுந்தது. அதன் புகைபோக்கி 22 மீட்டர் உயரம். மேல்தளங்களையெல்லாம் துளைத்துக்கொண்டு, வளைவு மேல் வளைவாகக் குறுகி, கூரைக்கு மேல் ஒரு சிறு குமிழில் போய் முடியும். இப்படி ஒரு புகைவழியை யாரும் ஒரு வேளைச் சமையலுக்காகக் கட்டுவதில்லை. ராணுவ முகாமில் கட்டாயச் சேவை 2008-இல் ஒழிந்துபோகும்வரை தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் அண்டாவில் வெந்த பீன்ஸைத் தின்று வளர்ந்தார்கள், சலித்தும் கொண்டார்கள். மலைக்குடில் கதை சற்று இனிமையானது. எழுத்தாளர் அலெக்கோ கொன்ஸ்தாந்தினோவ் 1895 ஆகஸ்ட் 27-இல் ஏறக்குறைய 300 பேரைத் திரட்டிக்கொண்டு சோஃபியாவுக்கு மேலே நிற்கும் விதோஷாவின் செர்னி வ்ரஹ் சிகரத்தில், 2,290 மீட்டர் உயரத்துக்கு ஏறினார். பல்கேரியாவில் மலையேற்றம் ஓர் இயக்கமாகத் தொடங்கியது அன்றிலிருந்துதான். பிறகு மலைகளெங்கும் குடில்கள் வந்தன, குடில்தோறும் குளிர்காய அடுப்பு வந்தது, அடுப்பின் மேல் பீன்ஸ் பானை ஏறியது. 1895-இலேயே நூலாக வந்த அலெக்கோவின் ‘பாய் கான்யோ’ கதைகளில் நாயகன் பிராக் நகரத்து நாகரிகமான வீட்டில் விருந்துண்ணும்போதும், தான் கையோடு கொண்டுபோன காய்ந்த மிளகாயைச் சூப்பில் போட்டுக்கொள்வான். இன்றைக்கும் குடில்களில் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு மிளகாய் இல்லாவிட்டால் பலருக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும். நெருப்பெல்லாம் இருக்கட்டும், இது நோன்பு உணவு, கிழக்கு மரபுவழித் திருச்சபை இறைச்சியையும் பாலையும் முட்டையையும் விலக்கச் சொன்னதால் பிறந்தது என்பார்கள். உண்மைதான், மறுக்க முடியாது. நவம்பர் 15-இலிருந்து டிசம்பர் 24 வரை நாற்பது நாள் நோன்பு. அதன் கடைசி இரவான பட்னி வெச்செரில் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படை எண்ணிக்கையில் புலால் இல்லாத பண்டங்கள் பரிமாறுவார்கள். பீன்ஸ் அவற்றில் தவறாது. உலர்ந்த குடைமிளகாய்க்குள் பீன்ஸை அடைத்தும் வைப்பார்கள். ஆனால் நோன்பு ‘எது கூடாது’ என்று மட்டும்தான் சொல்கிறது. கூடுகிறவை எத்தனையோ இருக்க, மணிக்கணக்கில் வேகிற இந்தப் பயறு ஏன் முன்வரிசைக்கு வந்தது என்பதற்கு நோன்பில் விடை இல்லை. அந்த இரவின் இன்னொரு சடங்கைப் பாருங்கள்: பட்னிக் என்ற ஒரு பெரிய மரக்கட்டையை அடுப்பில் இட்டு, விடியும்வரை அணையாமல் காக்க வேண்டும். ஆண்டின் மிக நீண்ட இரவுகளில் ஒன்றில், இரவெல்லாம் எரிகிற நெருப்பும் பீன்ஸும் ஒரே சடங்கில் சேர்ந்திருப்பது தற்செயலாக இருக்கலாம். இருந்தாலும் கம்யூனிஸ்ட் ஆட்சியில் கிறிஸ்துமஸ் விடுமுறை போனது, பலர் வீட்டில் நோன்பும் போனது, பீன்ஸ் சூப்பு போகவில்லை. ஆலை உணவகங்களிலும் பள்ளி உணவகங்களிலும் அது வாராவாரம் கொதித்தது. பெற்ற தாய் நோன்பு என்றால், நோன்பு போன பிறகும் பிள்ளையை வளர்த்தது வேறு யாரோதான்.

பக்கத்து நாடுகளிலும் இதே சூப்பு இருக்கிறதே, இதில் பல்கேரியாவுக்கு என்ன உரிமை என்றும் கேட்கலாம். செர்பியாவில் புகையூட்டிய இறைச்சி சேர்த்து பசூல் செய்கிறார்கள். கிரேக்கர்கள் ஆலிவ் எண்ணெயும் செலரியும் போட்ட ஃபசோலாதாவைத் தங்கள் தேசிய உணவு என்கிறார்கள். வடமாசிடோனியாவில் மண்சட்டியில் வைத்துச் சுடுகிறார்கள், துருக்கியில் சோற்றோடு பரிமாறுகிறார்கள். இது என் வாதத்துக்கு எதிரானது இல்லை. குளிரும் விறகும் எல்லை பார்ப்பதில்லை. பல்கேரியர்களின் கையொப்பம் அந்தப் புதினா மட்டுமே. இன்று பல்கேரியாவின் அடையாளமாக உலகம் அறிந்த ஷோப்ஸ்கா சாலட் 1950-களில் பால்கன்துரிஸ்த் என்ற அரசுச் சுற்றுலா நிறுவனத்தின் சமையல்காரர்கள் விருந்தாளிகளுக்காக உருவாக்கியது. பீன்ஸ் சூப்புக்கு அப்படி ஒரு பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பெத்கோ ஸ்லாவெய்கோவ் 1870-இல் வெளியிட்ட முதல் பல்கேரியச் சமையல் நூலே கான்ஸ்தாந்திநோபிளில் எப்படிச் சமைக்கிறார்கள் என்பதைச் சொல்லித்தரத்தான் வந்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் தானாக வெந்துகொண்டிருப்பதை அச்சிட்டுச் சொல்லித்தர வேண்டிய தேவை எப்போதும் பின்னால்தான் வரும்.

பிறகு அடுப்பு இரண்டாகப் பிரிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் கிராமங்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்தன. சோஃபியாவில் 1949-இல் தொடங்கிய மத்திய வெப்ப விநியோகம், லியூலின், ம்லாதொஸ்த் போன்ற புதுக் குடியிருப்புகளின் கான்கிரீட் அடுக்ககங்களுக்குள் குழாய் வழியே சூட்டைக் கொண்டுவந்தது. கட்டை பிளக்க வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம், பெரிய விடுதலைதான். ஆனால் வீட்டைச் சூடாக்குவது ஒரு வேலை, சமைப்பது இன்னொரு வேலை என்று முதல்முறையாக ஆனது. மின்னடுப்பில் பீன்ஸ் வைத்தால் அதன் இரண்டரை மணி நேரமும் மீட்டரில் ஓடும். 1990-91 குளிர்காலத்தைப் பிரதமரின் பெயரால் ‘லுக்கானோவ் குளிர்காலம்’ என்கிறார்கள். கடையில் சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் கூப்பன், வீட்டில் முறைவைத்து மின்வெட்டு. மலிவான பயறு கையில் இருந்தும் அதை வேகவைக்கிற சூடு கையில் இல்லாத விசித்திரம் அடுக்ககவாசிகளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். 1997 பிப்ரவரியில் ஒரே மாதத்தில் விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் எகிறியபோது பீன்ஸ் மறுபடி பட்டினிக்குத் துணையாக வந்தது. அந்தத் தலைமுறையில் சிலருக்கு இந்தச் சூப்பின் மேல் கசப்பு இருப்பதில் வியப்பில்லை.

பிரஷர் குக்கர் எதற்கு இருக்கிறது என்பீர்கள். இந்த மறுப்புக்கு நான் பாதிக்கு மேல் தலைவணங்குகிறேன். குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறுவதால் ஊறிய பீன்ஸ் அரை மணிக்குள் மெத்தென்று ஆகிவிடும், எரிபொருள் மிச்சம். உலர் பீன்ஸில், குறிப்பாகச் சிவப்பு வகையில், பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கிற ஒரு புரதம் உண்டு. அதை அழிக்கக் குறைந்தது பத்து நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதித்தாக வேண்டும். இலேசான சூட்டிலேயே நாள் முழுக்க வைத்திருந்தால் அது அழியாது. பாட்டிமார் இதை அறியாமலே கையாண்டிருக்கிறார்கள்: முதலில் பலமாகக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுச் சுடுநீர் ஊற்றிய பிறகுதான் பானை அடுப்போரம் போகும். தக்காளியை முன்னால் போடக் கூடாது என்பதும் சரியே. புளிப்பு பயற்றின் தோலை இளகவிடாது. உப்பை முன்னால் போட்டால் வேகாது என்ற நம்பிக்கை மட்டும் நிற்கவில்லை. ஊறவைக்கிற நீரிலேயே கொஞ்சம் உப்பு போட்டால் தோல் இன்னும் மென்மையாகும், வெடிப்பதும் குறையும். ஆக, பாட்டி சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. குக்கர் தர முடியாதது சாறு. ஓரத்துச் சூட்டில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்டும்; வெங்காயமும் கேரட்டும் உருத்தெரியாமல் கரையும்; பீன்ஸிலிருந்து கசிகிற மாவுச்சத்து சாற்றைப் பால்போல் கெட்டியாக்கும்; ஆனாலும் பயறு முழுசாக நிற்கும். ஒரு கரண்டியில் நாலு பயற்றை எடுத்து ஊதினால் தோல் மட்டும் சுருண்டு விலகும். அந்தப் பதம் வந்த சூப்புக்கு மாவு வறுத்துக் கொட்டுகிற வேலையே இல்லை. குக்கரில் பயறு வெந்துவிடும், சாறு தனியாகத் தண்ணீராக நிற்கும்.

இன்னொரு மறுப்பு கடுமையானது, நியாயமானதும்கூட: இது வறுமையை அழகுபடுத்துகிற பேச்சு, விறகு சுமந்தவளின் முதுகைக் கேட்டுப் பார் என்பது. சரிதான். விறகுப் புகைக்கு இன்றும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிற நாடு பல்கேரியா. காற்றில் நுண்துகள் அளவு வரம்பு மீறியதற்காக ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் அந்த நாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. குளிர்காலத்தில் வீடுகள் எரிக்கிற விறகும் நிலக்கரியும் அதற்குப் பெரிய காரணம். அந்த அடுப்பைத் திரும்ப மூட்டச் சொல்கிற எண்ணம் எனக்கு இல்லை. நினைவு எதைப் பிடித்துவைத்திருக்கிறது என்பதைச் சரியாகப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பதே என் வழக்கு. ஏனென்றால் தவறான பெயர் தவறான இடத்தில் பணத்தைச் செலவழிக்க வைக்கிறது. ரொடோப்பி மலையில் அர்தா ஆற்றங்கரை ஊரான ஸ்மில்யானில் விளைகிற பீன்ஸ் இன்று பேரும் புகழும் பெற்றது. பழுப்பில் கருங்கோடு விழுந்த சிறியது ஒன்று, பெரிய ரகம் ஒன்று என இரண்டு வகை. ஸ்லோ ஃபுட் அமைப்பு பேணிக்காக்கும் பயிர்களில் அதுவும் ஒன்று. நவம்பர் கடைசியில் அதற்கென்று ஊர்த் திருவிழாவும் நடக்கிறது. அந்த விவசாயிகள் நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தப் பயற்றை நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கி, அவசரமாக இருபது நிமிடத்தில் வேகவைத்துவிட்டு ‘பாட்டி செய்தது போல் வரவில்லையே’ என்று அலுத்துக்கொள்வதைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை. 1989-இல் ஏறக்குறைய 90 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் 65 லட்சமாகச் சுருங்கியிருக்கிறது. பிறப்பு குறைந்தது ஒரு காரணம், நாட்டைவிட்டுப் போனவர்கள் இன்னொரு காரணம். போனவர்கள் பெட்டியில் காய்ந்த ஜொஜென் போகும், சிவப்புத் தூள் போகும். பகல் முழுக்க யாராவது வீட்டில் இருப்பது என்ற பழக்கத்தைப் பெட்டியில் வைத்துக் கட்ட முடிவதில்லை.

வீட்டில் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு அளவு இதுதான். அரைக்கிலோ வெள்ளை பீன்ஸை இரவு ஊறப்போட்டு, காலையில் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டரை லிட்டர் சுடுநீர், பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் இரண்டு, கேரட் இரண்டு, காய்ந்த குடைமிளகாய் கிடைத்தால் ஒன்று, கால் கோப்பைக்குச் சற்று மேலாகச் சூரியகாந்தி எண்ணெய். தோல் சுருளும் பதம் வந்த பிறகு இரண்டு தக்காளியும் ஒரு தேக்கரண்டி காரமில்லாத மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்து இன்னொரு அரை மணி. புதினாவை இறக்குவதற்குச் சற்று முன்பு போட்டால் போதும். முன்பே போட்டால் மணம் ஆவியாகிப் போய்விடும். வீட்டில் வேறு வேலையாக இருக்கப்போகிற ஒரு நாளைப் பார்த்து, ஆகச் சிறிய தீயில் வையுங்கள். எரிவாயு கட்டுப்படி ஆகாது என்றால் குக்கரில் வேகவைத்து, பிறகு மூடியைத் திறந்து முக்கால் மணி நேரமாவது சுண்டவிடுங்கள், அதுவும் மோசமில்லை. எப்படிச் செய்தாலும் ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் மதியம் நன்றாகக் கொதிக்கவைத்து ரொட்டியோடும் ஒரு பச்சை மிளகாயோடும் சாப்பிடுங்கள். செய்த அன்றைக்கே ஒரு கிண்ணம் குடித்துவிட்டு இதில் அப்படி என்ன இருக்கிறது என்று தயவுசெய்து தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.